கரீபியனில் ஒன்பது நாள், இரண்டு பேர், 4,200 கனடா டாலர்: எந்தத் தீவு?

ஊர்க்காற்று · பெப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். மே மாதம் வந்தால் கலியாணம் முடிந்து ஐந்து வருடம். இதுவரை விடுமுறை எடுத்ததெல்லாம் யாருடையாவது கலியாணவீட்டுக்கு, இல்லாவிட்டால் லண்டனில் சொந்தக்காரர் வீட்டுக்கு. இந்த முறை இரண்டு பேரும் எங்களுக்கென்று ஒரு பயணம் போக வேண்டும் என்று ஒரு வருடமாகக் காசு சேர்த்திருக்கிறோம். கையில் 4,200 கனடா டாலர். விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கடனட்டையில் தேய்த்துவிட்டு வந்து ஆறு மாதம் கட்டும் பயணம் எங்களுக்கு வேண்டாம்.

எனக்குக் கடல் வேண்டும். யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்தவன், கடல் பார்த்து வருடக்கணக்காகிறது. மனைவிக்கு மலையும் காடும் நடையும் பிடிக்கும், ஆனால் நீந்தத் தெரியாது. இரண்டும் கிடைக்கிற இடமாக வேண்டும். புன்டா கானா (டொமினிக்கன் குடியரசு), கியூபா, ஜமைக்கா, பார்படோஸ் என்று நாலு இடங்களை எழுதி வைத்திருக்கிறோம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வெயில்தேடி · பெப்ரவரி 9

தம்பி, யோசிக்கவே வேண்டாம். புன்டா கானா ஓல்-இன்குளூசிவ். நாங்கள் மிசிசாகாவிலிருந்து நாலு தரம் போய்விட்டோம். விமானம், அறை, மூன்று நேரச் சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து பஸ் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஒரு கிழமை 2,800க்குள் முடித்திருக்கிறோம். போகும் முன்பே முழுக்கணக்கும் தெரிந்துவிடும். அங்கே போய் நூறு டாலர் கூடிவிட்டதே என்று தலையைப் பிய்க்கத் தேவையில்லை. உங்கள் மனைவி ஒரு கிழமை அடுப்பைப் பார்க்காமல் இருக்கலாம். அதுவும் ஒரு பெரிய விஷயம்தான்.

ஊர்க்காற்று · பெப்ரவரி 10

நன்றி அண்ணை. விலை உண்மையிலேயே நல்லாயிருக்கிறது. காட்டுக்கும் அருவிக்கும் போக வழி உண்டா?

வெயில்தேடி · பெப்ரவரி 10

உண்டு, ஆனால் எல்லாம் தனிக்காசு. ஹோட்டலில் விற்கும் சுற்றுலா ஒன்றுக்கு ஆளுக்கு நூறு அமெரிக்க டாலரைத் தாண்டும். பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். நாங்கள் ஒரு முறை போனதோடு சரி, அப்புறம் கடற்கரையிலேயே இருந்துவிட்டோம். எங்களுக்கு அது போதும். உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மலைநடையன் · பெப்ரவரி 11

மலை என்று கேட்டதால் வருகிறேன். டொமினிக்கா போங்கள். டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. விமானச் சீட்டு எடுக்கும்போது பெயரை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் உள்ள சின்னத் தீவு. தீவு முழுக்க எரிமலையும் மழைக்காடும்தான்.

அங்கே கொதிக்கும் ஏரி ஒன்று இருக்கிறது. உருவகமாகச் சொல்லவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் நடுவில் குமுறிக் குமுறிக் கொதிக்கும், சுற்றிலும் ஆவி. லோடா என்ற ஊரருகே டிட்டூ பள்ளத்திலிருந்து நடக்க ஆரம்பித்தால் போய்வர ஆறேழு மணி நேரம். வழியில் கந்தகம் புகையும் ஒரு பள்ளத்தாக்கு, அங்கே காலடியில் ஓடும் ஓடையே சுடும். அந்தப் பகுதி தேசியப் பூங்கா, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தீவின் தெற்கிலிருந்து வடக்குவரை 184 கிலோமீட்டர் நடைபாதையும் உண்டு. அதில் ஒரு துண்டை மட்டும் நடந்தாலும் நிறைவாக இருக்கும். கடலில் ஷாம்பெய்ன் பாறை என்ற இடத்தில் தரையிலிருந்து குமிழி குமிழியாக வாயு வரும், சோடா புட்டிக்குள் நீந்துவது போல இருக்கும்.

செலவும் கட்டுப்படியாகும். கிழக்குக் கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் இருக்கிறது. நான் நியூஜெர்சியிலிருந்து போனேன், தங்குமிடமும் சாப்பாடும் பெரிய செலவாகவே இல்லை.

ஒரே குறை: வெள்ளை மணலில் துண்டை விரித்துப் படுக்கும் கடற்கரை அங்கே அபூர்வம். கறுப்பு மணலும் கல்லும்தான் அதிகம்.

புதுவைக்காரி · பெப்ரவரி 11

தம்பி, உங்கள் நாலு பெயர்களில் குவாதலூப் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் புதுச்சேரிக்காரி. இருபது வருடமாகப் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். நானும் கணவரும் அங்கே மூன்று முறை போயிருக்கிறோம், மூன்றும் சொந்தக் காசில், கணக்குப் பார்த்துப் பார்த்து.

வரைபடத்தில் பார்த்தால் பட்டாம்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி இரண்டு தீவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கிழக்கு இறக்கை கிராந்த்-தேர். சுண்ணாம்புப் பாறை, தட்டையான நிலம், கரும்பு, வெள்ளை மணல், பவளப் பாறைக்கு உட்பக்கம் அலையில்லாத கடல். மேற்கு இறக்கை பாஸ்-தேர். எரிமலை, மழைக்காடு, அருவி. நடுவில் ஒடுங்கிய உப்பாறு ஒன்று ஓடுகிறது. பிரெஞ்சில் அதன் பெயரே உப்பாறுதான், எனக்கு முதல் நாளே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதன் மேல் பாலம். காலையில் மலை ஏறிவிட்டு மாலையில் வெள்ளை மணலில் உட்காரலாம், கப்பலும் வேண்டாம் விமானமும் வேண்டாம். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே வாடகைக் காரில் கிடைக்கும்.

பணக் கணக்கு இப்படி. பிரெஞ்சு மண் என்பதால் கடற்கரை எல்லாம் பொதுச்சொத்து. பெரிய ஹோட்டலின் முன்னால் இருக்கும் மணலிலும் நீங்கள் போய்ப் படுக்கலாம். காட்டுப் பாதைகளில் நடக்கவும் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆக, அங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இலவசம். பணத்தைக் கரைப்பது உணவகமும் சூப்பர் மார்க்கெட்டும்தான். கப்பலில் வரும் எந்தச் சாமானும் விலை அதிகம். தயிரும் பாலாடைக்கட்டியும் பாரிஸ் விலையைவிட எவ்வளவோ கூடுதல். அதனால் ஹோட்டல் வேண்டாம். சமையலறையோடு சிறு வீடு எடுங்கள், அங்கே ஜீத் என்பார்கள். மீனைக் கரையில் வாங்குங்கள், காயைச் சந்தையில் வாங்குங்கள்.

மொன்றியலிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கனடாக் குடியுரிமை இருந்தால் விசா வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 1848இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் போட்டு ஆள் ஏற்றினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முதல் தொகுதியைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் அப்படிப் போனார்கள், நம் தமிழ்ச் சனம் அதில் நிறைய. இன்றைக்கும் கடைப்பலகையில் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் நிற்கும். கடற்கரைக்குப் போகிற வழியில் அந்தப் பெயர்களைப் படித்தால் மனசு என்னவோ செய்யும்.

கோவைத்தம்பி · பெப்ரவரி 12

அக்கா சொன்ன "கப்பலும் வேண்டாம் விமானமும் வேண்டாம்" என்பதை அழுத்திச் சொல்லவே இந்தப் பதிவு. நானும் மனைவியும் டல்லாஸிலிருந்து போனோம், எட்டு நாளில் மூன்று தீவு என்று திட்டம். காகிதத்தில் அழகாக இருந்தது. இரண்டாவது தீவிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டிய படகு கிளம்பவில்லை. காரணம் சொல்லக்கூட ஆள் இல்லை. மறுநாள் படகு கிடையாது, அதற்கடுத்த நாள்தான். முன்பணம் கட்டிய விடுதி போச்சு, காத்திருந்த ஊரில் புதிதாக அறை எடுக்க வேண்டியதாயிற்று, கடைசியில் சின்ன விமானத்தில் கடைசி நேர விலைக்கு டிக்கெட். இந்த ஒரு சறுக்கலில் 540 அமெரிக்க டாலர். அதைவிட வலித்தது, எட்டு நாளில் இரண்டரை நாள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததுதான்.

பட்ஜெட்டில் போகிறவர்கள் அறையில் பத்து டாலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்போம், தீவு விட்டுத் தீவு போவதில் ஐந்நூறு போய்விடும்.

மலைநடையன் · பெப்ரவரி 12

அதை ஒத்துக்கொள்கிறேன். டொமினிக்காவையும் குவாதலூப்பையும் படகு இணைக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆனால் தினமும் ஓடாது. ஒன்பது நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். மலைதான் முதலிடம் என்றால் டொமினிக்கா, கடலும் மலையும் சரிபாதி என்றால் குவாதலூப்.

சென்னை_சிட்டு · பெப்ரவரி 13

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் சென்னையில் இருக்கிறோம், இந்தியப் பாஸ்போர்ட். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) எடுத்துப் பாரிஸ் போய், அங்கிருந்து குவாதலூப் போகலாமா?

புதுவைக்காரி · பெப்ரவரி 13

நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள் தங்கச்சி. குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம்தான், ஐரோப்பிய ஒன்றியத்திலும் இருக்கிறது, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா அங்கே செல்லாது. பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த மாவட்டம் என்று குறிப்பிட்டுத் தனி விசா வாங்க வேண்டும். பிரான்ஸில் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை இல்லை.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு டொமினிக்கா, பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்கா இவையெல்லாம் எளிது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவுக்கு முன்விசா கேட்பதில்லை. உங்களுக்குத் தடங்கல் வழியில்தான். லண்டனோ நியூயார்க்கோ மாறிப் போனால் அந்த நாட்டின் விதி உங்களைப் பிடிக்கும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள்.

மலைநடையன் · பெப்ரவரி 13

சிட்டு, டிரினிடாடையும் பாருங்கள். வடகரையில் கிராந்த் ரிவியேர் என்ற ஊரில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ராட்சத ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். நான் பார்த்த ஆமை நான்கு பேர் உட்காரும் மேசை அளவு. அனுமதிச் சீட்டு வாங்கி வழிகாட்டியோடுதான் போக வேண்டும். தெருவில் டபிள்ஸ் என்று மெல்லிய பொரித்த ரொட்டிக்குள் கொண்டைக்கடலை வைத்துத் தருவார்கள், கைக்காசில் வயிறு நிரம்பும்.

ஊர்க்காற்று · பெப்ரவரி 16

மூன்று நாளாக இரண்டு பேரும் இதைத்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். குவாதலூப் என்று முடிவு. கப்பலின் கதையை வாசித்தபின் மனைவி வேறு எதையும் பார்க்கவில்லை.

அக்கா, மூன்று கேள்வி. மே நடுப்பகுதி போகலாமா? கடலில் பாசி வந்து நாறும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார், உண்மையா? நீந்தத் தெரியாதவர் அங்கே தண்ணீரில் என்ன செய்யலாம்?

புதுவைக்காரி · பெப்ரவரி 17

மே நல்ல மாதம். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வெயில் காலம், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள், விலை உச்சத்தில் நிற்கும். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் வீட்டு வாடகையும் கார் வாடகையும் இறங்கிவிடும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அதற்கு முன் வந்துவிடுகிறீர்கள். மழை நடுவில் நடுவில் கொட்டும், அரை மணியில் வெளுத்துவிடும்.

பாசி உண்மைதான். சர்காசம் என்று பழுப்பு நிறப் பாசி, 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பெருங்கூட்டமாக வருகிறது. வசந்தத்திலும் கோடையிலும்தான் அதிகம். கரையில் ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு உடம்புக்கும் கெடுதல், அப்படிப்பட்ட கரையில் உட்காராதீர்கள். ஆனால் அது கிழக்கையும் தெற்கையும் பார்த்த கரைகளைத்தான் அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டும் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் வீட்டை மேற்கே எடுங்கள். தேஹேவுக்கும் புய்யாந்துக்கும் நடுவில் எந்த ஊரானாலும் சரி. கிராந்த் ஆன்ஸ் கடற்கரை அங்கேதான், தங்க நிற மணல், தென்னை. கிழக்குக் கரைக்கு அன்றைய நிலவரம் கேட்டுக்கொண்டு போகலாம்.

நீந்தத் தெரியாதவருக்கு மூன்று வழி. முதலாவது, வடக்கே மாங்குரோவ் காட்டுக்குள் கயாக். நம் பிச்சாவரம் மாதிரி அலையே இல்லாத வாய்க்கால், உயிர்காப்புச் சட்டை போட்டுவிடுவார்கள். இரண்டாவது, மேற்குக் கரையில் மலாந்தூரில் கண்ணாடித்தளப் படகு. கடலாய்வாளர் கூஸ்தோ பெயரில் உள்ள கடல் காப்பகம் அதுதான். மூன்றாவது, அங்கேயே பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு கீழே கூட்டிப்போகும் முதல் முக்குளிப்பு. நீச்சலைவிட தண்ணீர்ப் பயம் இல்லாததுதான் முக்கியம், ஆனால் நீந்தத் தெரியாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், சில நிலையங்கள் ஏற்காது. நீங்கள் மலாந்தூர் கரையிலேயே முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினால் ஆமை மேய்வதைப் பார்க்கலாம், அதற்குக் காசில்லை. தொடாதீர்கள், துரத்தாதீர்கள்.

சாகசத்தில் வெட்டாதீர்கள் தம்பி. ஆளுக்கு அறுபத்தைந்து யூரோ கொடுத்துக் கயிறு கட்டி அருவியில் இறங்குவது வாழ்நாளுக்கும் நினைவிருக்கும். நாலு உணவகச் சாப்பாட்டை விட்டால் அந்தக் காசு வந்துவிடும். என் கணக்கு இது, யூரோவில்: வீடு எட்டு இரவுக்கு 560, சின்னக் கார் 280, பெட்ரோல் 60, சாப்பாடு 280, பக்கத்தில் உள்ள லே சேந்த் என்ற சின்னத் தீவுகளுக்குப் படகு இரண்டு பேருக்கு 50, முக்குளிப்பு 120, அருவி இறக்கம் 130, கயாக் 30. மொத்தம் 1,510 யூரோ. யூரோவுக்கு 1.60 என்று வைத்தால் 2,416 கனடா டாலர். விமானத்துக்கு 1,450 என்றால் 3,866. மிச்சத்தை அவசரத்துக்கு வையுங்கள்.

வீடு எடுக்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? அங்கே குழாய்கள் பழையவை, பல ஊர்களில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துவார்கள். நீச்சல் குளம் உள்ள வீட்டிலும் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் நின்றிருக்கிறோம்.

கடற்கரையில் சிவப்பு வளையம் பூசிய மரத்தைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். மான்சினில் மரம், பழம் சின்னப் பச்சை ஆப்பிள் போல இருக்கும், விஷம். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைப் பொத்துவிடும். வெந்நீர் ஊற்றுகளில் இறங்கலாம், தலையை மட்டும் முக்காதீர்கள், மூக்கு வழியாகப் போகும் கிருமி ஆபத்தானது.

வெயில்தேடி · பெப்ரவரி 17

எல்லாம் நல்ல தகவல். ஒன்று மட்டும் கேட்கிறேன் தங்கச்சி. ஐந்து வருடத்தில் முதல் தடவை வெளிக்கிடுகிறார்கள். அங்கேயும் அந்தப் பிள்ளை சமைக்க வேண்டுமா? மிச்சம் பிடிக்கிற காசு யாருடைய உழைப்பில் வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

புதுவைக்காரி · பெப்ரவரி 18

சரியான கேள்வி அண்ணா. எங்கள் வீட்டில் விடுமுறைச் சமையல் என் கணவருடையது, முதல் பயணத்திலேயே பேசி முடிவு செய்தோம். நான் சந்தைக்கு மட்டும் போவேன். மத்தியானம் யாரும் சமைப்பதில்லை, வழியோரத்தில் பொக்கிட் வாங்கிவிடுவோம். எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் கோழியோ கருவாடோ வைத்துத் தருவார்கள், ஆறேழு யூரோ, ஒன்றைச் சாப்பிட்டால் ராத்திரிவரை பசிக்காது. ராத்திரி மட்டும் ஒரு பானை. தம்பி சமைப்பாரா?

ஊர்க்காற்று · பெப்ரவரி 18

சமைப்பேன் அக்கா. மீன்குழம்பு எப்போதும் நான்தான்.

புதுவைக்காரி · பெப்ரவரி 18

அப்படியென்றால் சந்தையில் கொலோம்போ தூள் வாங்குங்கள். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு அரைத்தது. அங்கே தேசிய உணவு மாதிரி, கறுப்பினத்தவர், வெள்ளையர் எல்லார் வீட்டிலும் கொலோம்போ உண்டு. கொழும்பு நகரத்தின் பெயர் என்று சிலர் சொல்வார்கள், குழம்பு என்ற நம் சொல்தான் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று திரும்பி வந்து சொல்லுங்கள். மாங்காய் போட மறக்காதீர்கள்.

ஊர்க்காற்று · மே 29

போய் வந்துவிட்டோம். யோசனை சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லவே இதை நீளமாக எழுதுகிறேன்.

மொன்றியல்வரை காரில் போய் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் காரை விட்டோம். விமானம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அக்காவின் 1,450க்குள் வந்தது. முழுச்செலவு 4,015. திட்டத்தைவிட 149 டாலர் கூட. லே சேந்தில் வெயில் தாங்காமல் மின்சாரத்தில் ஓடும் சின்ன வண்டி ஒன்று வாடகைக்கு எடுத்தோம், கடைசி இரவு தேஹேவில் கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டுக்கும் மனவருத்தம் இல்லை.

கார் விஷயத்தில் ஒரு கவனம். எங்களுக்குக் கார் தந்தவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது சக்கர மூடியில் கீறல் என்று 180 யூரோ கேட்டார்கள். எடுத்த அன்று மனைவி நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைத்திருந்தார், அந்தக் கீறல் அதிலேயே இருந்தது. காட்டியதும் விட்டுவிட்டார்கள். காலையில் ஜாரி என்ற தொழிற்பேட்டைப் பக்கம் நெரிசல் பயங்கரம், விமானத்துக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சேந்த்-ஆன் கரையில் பாசி வந்திருந்தது, இறங்கிய உடனேயே நாற்றம். திருப்பிக்கொண்டு வடமேற்கே போர்-லூயி போனோம். அங்கே ஒரு துளி பாசி இல்லை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டில் தொட்டி இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னதற்கே அக்காவுக்குத் தனி நன்றி.

சுஃப்ரியேர் எரிமலை. 1,467 மீட்டர், அந்தத் தீவுக் கூட்டத்திலேயே உயரமானது. 1976இல் குமுறியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேற்றினார்களாம். காலை ஆறே முக்காலுக்கு மஞ்சள் குளம் என்று சொல்லும் வெந்நீர்க் குளத்தடியில் காரை விட்டு ஏறினோம். முதலில் கல் பதித்த பாதை, இரண்டு பக்கமும் காடு, எல்லாவற்றிலும் பாசி படர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் மரம் முடிந்து இடுப்பளவுப் புதர். அதன் பிறகு முகில். முன்னே போகிற மனைவியின் சிவப்பு மழைச்சட்டை மட்டும் தெரிந்தது. கந்தக மணம் தொண்டையில் பிடித்தது. வாயு வருகிற இடங்களைக் கயிறு கட்டி மூடியிருக்கிறார்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள். மேலே இருபது நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, காற்று ஆளைத் தள்ளியது. இறங்குவோம் என்று திரும்பியபோது முகில் கிழிந்தது. கீழே வாழைத்தோட்டம், அதற்கப்பால் கடல், கடலில் லே சேந்த் தீவுகள் கறுப்புக் கற்கள் போல. ஒரு நிமிடம் கூட இருக்காது, மறுபடி மூடிவிட்டது. மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார், ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்து இரண்டு பேரும் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு வாழைப்பழம் சாப்பிட்டோம்.

முக்குளிப்புக்கு மனைவி கடைசிவரை சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மாங்குரோவ் கயாக்கில் துடுப்பு முழுக்க அவர் கையில். அருவி இறக்கத்தில் என்னைவிட அவர்தான் துணிச்சல்.

கடைசியாகக் கோயில். கப்பெஸ்தேர் பக்கம் ஷான்ஜியில் பெருவீதியோரம் கோபுரம் நிற்கிறது, ஊர்க் கோயில் மாதிரியே வர்ணம். உள்ளே ஒரு வயோதிபர் கூட்டிக்கொண்டிருந்தார். என் பாடசாலைப் பிரெஞ்சில் நாங்கள் தமிழர், இலங்கை என்றேன். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கையைப் பிடித்தார். மாலியேமேன் என்று சந்நிதியைக் காட்டினார். மாரியம்மன். மல்தேவிலேன் என்றார், மதுரைவீரன். நகூர்மிரா என்று ஒன்று சொன்னார், அது நாகூர் மீரா என்று மனைவிதான் கண்டுபிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தகப்பன் சொல்லித் தந்ததாம் என்று ஒரு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சொற்கள் தேய்ந்துபோயிருந்தன, எனக்கு "தாயே" என்பதும் "மாரியம்மா" என்பதும் மட்டும் பிடிபட்டது. என்ன அர்த்தம் என்று எங்களிடம் கேட்டார். அந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் சொன்னோம். அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

சிதம்பரம் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர், 1904 முதல் 1923 வரை, அங்கே பிறந்த இந்திய வம்சாவளியினருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று போராடி வாங்கினாராம். அவரைப் பற்றியும் அந்தப் பெரியவர்தான் சொன்னார். நாங்கள் அரை மணி நேரத்துக்கென்று நினைத்துப் போன இடத்தில் மத்தியானம்வரை இருந்தோம்.

வெயில்தேடி · மே 29

தம்பி, கோயில் பகுதியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வருடம் எங்களுக்கும் கணக்குப் போட்டுத் தாருங்கள். முழங்கால் பிரச்சினை இருக்கிறது, மலை ஏற மாட்டோம்.

புதுவைக்காரி · மே 30

அண்ணா, மலை ஏறாமலே பார்க்கக் காட்டு நடுவில் ஒரு அருவி இருக்கிறது, எக்ரவீஸ் அருவி, கார் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நவம்பர் கடைசியில் போங்கள், பாசியும் குறைவு, கிறிஸ்துமஸ் விலையும் ஏறியிருக்காது. கீழ்த்தளத்தில் வீடு எடுங்கள், பாஸ்-தேரில் வீடுகள் சரிவில் இருக்கும், படி நிறைய.

தம்பி, எல்லாம் சொன்னீர்கள், கொலோம்போவைப் பற்றிச் சொல்லவில்லையே. மாங்காய் போட்டீர்களா?

ஊர்க்காற்று · மே 30

போட்டோம் அக்கா. வீட்டுக்கார அம்மா முற்றத்து மரத்தில் இரண்டு காய் பறித்துத் தந்தார். தூளைக் கடைசியில் போடாதே, எண்ணெயிலேயே போடு என்று பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். ஒரு வாய் சாப்பிட்டதும் மனைவி சொன்னார், இது கொழும்பு இல்லை, குழம்புதான் என்று. இரண்டு பொதி தூள் கொண்டுவந்திருக்கிறோம், ஒன்று முடிந்துவிட்டது.